கொடி நிறையத் துணி

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அவ்வளவு நலமாக இல்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, கடிதத்தில் சண்டை போட ஒரு வாரமாவது பிடிக்கும் என்று நீங்கள் சொன்னதை இவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். அவருக்கும் வேறு வேலை இல்லை.

நீங்கள் ஊரை விட்டுப் போய் நாலு மாதம் ஆகிறது. நீங்கள் போன நவம்பரில் லாட்ஜ்களிலிருந்து வாரத்துக்கு ஒரு மூட்டையாவது துவைக்க வந்தது. இப்போது அதுவும் இல்லை. நம் சலவைக்கடை மெஷின் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்க்கின்றன. ஆறு கொடியில் நம் வீட்டுத் துணி நாலு உருப்படி காய்கிறது. இவர் தினமும் காலையில் டாக்ஸியைப் பளபளவென்று துடைத்து, ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தி, சாயங்காலம் அப்படியே திருப்பிக்கொண்டு வருகிறார். ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் போக எதற்கு டாக்ஸி, தள்ளிக்கொண்டே போகலாமே என்றேன். அந்தக் கோபத்தில் வண்டியை இன்னொரு தடவை துடைத்தார்.

ஏன் யாரும் சுற்றிப் பார்க்க வரவில்லை என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஏரித் தண்ணீர் கெட்டுவிட்டதாக யாரோ புரளி கிளப்பிவிட்டார்கள் என்கிறார் படகுக்காரர். புது ரோடு போட்டதில் எல்லாரும் அந்தப் பக்கமாகவே போய்விடுகிறார்கள் என்கிறார் டீக்கடைக்காரர். ஜனங்களுக்கு நம் ஊர் அலுத்துவிட்டது என்கிறார் இவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை அண்ணி. ஏரி அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிச் சலவை வேலை எப்படி இருக்கிறது? எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்,
வாயாடி

*

மார்ச் 10

என் அருமை வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து, இருந்தாலும் படித்துவிட்டேன். தம்பியை ஏன் சீண்டுகிறாய்? பாவம், வண்டியையாவது துடைக்கட்டும்.

இங்கே சலவைக்கூடம் நம் கடையைப் போலப் பத்து மடங்கு. ஒரு மெஷினுக்குள் நீயும் உன் புருஷனும் குடித்தனமே நடத்தலாம். வந்த புதிதில் பெட்ஷீட்டை வழக்கம்போல் மூலையை உள்ளே செருகி மடித்து வைத்தேன். சூப்பர்வைசர் அம்மா ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கல்யாணப் பத்திரிகையா? நாலா மடிச்சு அடுக்கு, போதும்" என்று சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வருடம் மடித்த மடிப்பு. வண்டியில் எத்தனை குலுக்கினாலும் பிரியாது. உனக்கும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன், உன் கை எங்கே கேட்டது? அந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான் அது வரும்.

மே ஒன்றாம் தேதி என்னை நிரந்தரம் ஆக்கப் போகிறார்கள். தங்க ஒரு அறை, வயதான பிறகு பென்ஷன் எல்லாம் உண்டாம். அதற்கு முன்னால் விட்டுப் போனால் திரும்ப உள்ளே சேர்க்க மாட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் என்னை வேறு யார் வேலைக்குக் கூப்பிடப் போகிறார்கள்? எல்லாரும் அதிர்ஷ்டக்காரி என்கிறார்கள். எனக்கு அழுகைதான் வருகிறது. வேலை முடிந்து வந்தால் பேச ஒரு ஆள் இல்லை. உன் அண்ணன் இறந்த அன்றுகூட நான் இப்படித் தனியாக இல்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து நொய்நொய் என்று ஏதாவது பேசிக்கொண்டே இருந்தாய்.

அங்கே மறுபடி வேலை வந்தால் ஒரு வரி எழுது. நிரந்தரமாவது மண்ணாவது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

உன் அண்ணி

*

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். வேலை வந்துவிட்டது!

போன மாதம் இருபதாம் தேதி மேட்டு லாட்ஜ் மேனேஜர் கைவண்டி நிறைய பெட்ஷீட் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் ஓரத்தில் அவர்கள் லாட்ஜ் அடையாளமான சிவப்பு நூல் போட்டது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். மூன்று நாள் கழித்து மறுபடி ஒரு வண்டி. அந்த வாரமே ஏரி லாட்ஜிலிருந்தும் வந்தது, நீல நூல். கூலியும் கையோடு கொடுத்துவிட்டார்கள். நம் ஆறு கொடியும் நிறைந்து, மீதியை வேலி மேல் போட்டிருக்கிறேன். ரோட்டு வளைவில் திரும்பும்போது பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்றுதான் புரியவில்லை. லாட்ஜ் எல்லாம் நிறைந்திருக்கிறது, தெருவில் ஒரு தலையைக் காணோம். டீக்கடைக்காரரைக் கேட்டேன். "இந்தக் காலத்து ஜனங்க ரூமுக்குள்ளயே படுத்துக்கிட்டு செல்லைப் பார்க்கிறாங்கம்மா" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே நம் கொடியை எட்டிப் பார்த்துவிட்டுப் பாலை இரண்டு பங்கு வாங்க ஆரம்பித்துவிட்டார். படகுக்காரர் நாலு படகுக்கும் பெயின்ட் அடிக்கிறார். இவருக்கு மட்டும் இன்னும் சவாரி வரவில்லை. எல்லாரும் சொந்தக் காரில் வருகிறார்கள் போலிருக்கிறது.

வாருங்கள் அண்ணி. ஒற்றை ஆளாக என்னால் முடியவில்லை. இடுப்பு கழன்றுவிடும்போல இருக்கிறது. உங்கள் இஸ்திரி மேஜையைத் துடைத்து வைத்துவிட்டேன்.

உங்கள் அன்பு நாத்தனார்,
வாயாடி

*

ஏப்ரல் 13

என் தங்கமான வாயாடிக்கு,

நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்கும்போது பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த பெண் "என்னக்கா, லாட்டரியா?" என்று கேட்டாள்.

இருபத்தைந்தாம் தேதி வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். "பைத்தியமா உனக்கு, இன்னும் ஆறு நாள்ல நிரந்தரம்" என்று சூப்பர்வைசர் அம்மா கத்துவாள். கத்தட்டும். இருபத்தெட்டாம் தேதி காலையில் வந்து இறங்குகிறேன். தம்பியை டாக்ஸியோடு வரச் சொல். சவாரி இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாரே, நானே முதல் சவாரியாக இருக்கிறேன்.

அதுவரை இடுப்பைக் கழற்றிக்கொள்ளாதே.

உன் அண்ணி

*

ஏப்ரல் 17

அண்ணி,

வராதீர்கள். முதலில் இதைப் படித்துவிட்டு அப்புறம் மற்றதைப் படியுங்கள். வராதீர்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேற்று மேட்டு லாட்ஜ் மூட்டையைப் பிரித்தேன். எல்லாம் கசங்கின பெட்ஷீட். நடுவில் ஒன்று மட்டும் மடித்தபடியே இருந்தது. எடுத்துப் பார்த்தால் மூலை உள்ளே செருகியிருக்கிறது. அண்ணி, அது உங்கள் மடிப்பு. நவம்பரில் நீங்கள் மடித்து அனுப்பினது. அதற்கப்புறம் அதை யாரும் பிரிக்கவே இல்லை, யாரும் அதில் படுக்கவே இல்லை. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். நம் சோப்பு வாசனையைத் தவிர ஒரு வாசனையும் இல்லை. நாலு வாரமாக நான் துவைத்த துணியையே துவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேரே மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க கொடி ரோட்டு வளைவுல இருக்கு. வெள்ளைத் துணி நிறையக் காஞ்சா, ஊர்ல நல்ல கூட்டம்னு நினைச்சு பஸ்ல போறவங்க இறங்குவாங்கன்னு பார்த்தோம். அதான் நாங்களே கசக்கி அனுப்பினோம்" என்றார். "யாராவது இறங்கினாங்களா?" என்றேன். "ஒருத்தர் இறங்கினார். கக்கூஸ் எங்கேன்னு கேட்டுட்டு அடுத்த பஸ்ல போயிட்டார்" என்றார்.

இதில் பெரிய கூத்து, ஏரி லாட்ஜ்காரருக்கு இந்த விஷயமே தெரியாதாம். கொடியில் சிவப்பு நூல் காய்வதைப் பார்த்து, மேட்டு லாட்ஜ் நிறைந்துவிட்டது, நமக்கு மட்டும் ஆள் இல்லை என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே என்று அவரும் அலமாரியைக் காலி செய்து அனுப்பியிருக்கிறார். அவர்களைப் பார்த்து டீக்கடை, டீக்கடையைப் பார்த்துப் படகு, எல்லாரையும் பார்த்து நான். பால் அத்தனையும் புளித்துக் கிடக்கிறது.

கூலி கொடுக்கக் கையில் காசில்லையாம், இனிமேல் துவைக்க அனுப்ப அவர்களால் முடியாது. ஆனால் இன்று எல்லாரும் சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கொடியை மட்டும் காலியாக விட்டுவிடாதே, காய்ந்த துணியாக இருந்தாலும் காலையில் போட்டு சாயங்காலம் எடு என்று கெஞ்சுகிறார்கள். காய்ந்த துணியைக் காயப்போட வேண்டுமாம்! முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன், படகுக்காரர் அழுதுவிட்டார். நாளையிலிருந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். செய்வது சரியா தப்பா, எனக்கே தெரியவில்லை.

இங்கே வேலை இல்லை அண்ணி. எனக்கே இல்லை. அவசரப்பட்டு எழுதிய என்னைச் செருப்பால் அடியுங்கள், ஆனால் வேலையை விட்டுவிடாதீர்கள். மே ஒன்றாம் தேதி நிரந்தரம் ஆகட்டும். காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வாயாடி

*

ஏப்ரல் 21

நாத்தனாருக்கு,

உன் கடிதம் வந்தது. முந்தின கடிதத்தில் வா வா என்றாய். இந்தக் கடிதத்தில் வராதே வராதே என்கிறாய். நடுவில் பதினோரு நாள்தான். காய்ந்த துணியைக் காயப்போடுகிறார்களாம், அதற்கு ஊரே கூடி வந்து கெஞ்சுகிறதாம். சின்னக் குழந்தைகூட இதைவிட நன்றாகப் பொய் சொல்லும்.

என்னோடு மடிக்கிற பெண் ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகத்தான் பஸ்ஸில் வந்தாள். வளைவில் ஆறு கொடியும் நிறைந்து வெள்ளை வெளேரென்று துணி காய்ந்ததாம். "உங்க கடைதானேக்கா அது? நல்ல ஓட்டம் போலிருக்கே" என்று என்னிடமே கேட்கிறாள். நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

கை நிறைய வேலை வந்ததும், பங்குக்கு ஒரு ஆள் எதற்கு என்று உனக்குத் தோன்றியிருக்கும். கடை இருப்பது உன் அப்பாவின் இடம். நான் வந்து ஒட்டிக்கொண்டவள். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நீ அப்படி நடந்துகொண்டதில்லை. அதனால்தான் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு நாளாகப் பெட்டியைக் கட்டுகிறேன், பிரிக்கிறேன், மறுபடி கட்டுகிறேன். இங்கே இருப்பவர்கள் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

இருபத்தைந்தாம் தேதி எழுதிக் கொடுப்பதாக இருந்ததை நிறுத்தி வைத்திருக்கிறேன். முப்பதாம் தேதி வரை பார்ப்பேன். எனக்கு ஒரே ஒரு வரி எழுது. வேலை இல்லாமல் நீ கஷ்டப்படுகிறாய் என்பது உண்மையானால், உன் அண்ணன்மேல் சத்தியமாக என்று எழுது. அடுத்த வண்டியில் ஏறிவிடுவேன். உன்னை அங்கே பட்டினி போட்டுவிட்டு எனக்கு இங்கே சோறு இறங்காது, நிரந்தரமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கஷ்டமோ நஷ்டமோ சேர்ந்தே படுவோம். கடை உனக்கு மட்டும் வேண்டும் என்பதுதான் உண்மையானால் அதையும் எழுதிவிடு. நான் வரமாட்டேன். இனிமேல் கடிதமும் எழுதமாட்டேன்.

உன் அண்ணி

*

ஏப்ரல் 25

அண்ணிக்கு,

நீங்கள் கேட்ட ஒரு வரி. கடை எனக்கு மட்டும்தான் வேண்டும்.

அண்ணனின் பெயரை இதில் இழுக்க வேண்டாம். வேலை இல்லை என்றால்தானே சத்தியம் கேட்டீர்கள். வேலை இருக்கிறது. உங்களோடு மடிக்கிற பெண் பார்த்தது சரிதான், ஆறு கொடியும் நிறைந்துதான் இருக்கிறது. காய்ந்த துணிக் கதை நானாகக் கட்டினது. பொய் சொல்லிப் பழக்கம் இல்லை, அதனால் சரியாக வரவில்லை. இப்போது தெருவில் நடக்க இடம் கிடையாது. இவருக்குச் சவாரிக்கு மேல் சவாரி, சாப்பிடக்கூட வீட்டுக்கு வர நேரமில்லை. இஸ்திரிக்கு வேறு ஒரு ஆள் போட்டுவிட்டேன். நன்றாகச் செய்கிறாள். உங்களைவிட நன்றாகவே மடிக்கிறாள்.

முப்பதாம் தேதி வரை காத்திருக்க வேண்டாம். பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்கிவிடுங்கள். ஒன்றாம் தேதி கையெழுத்துப் போடக் கூப்பிடும்போது கண்ணாடியை எடுத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் எந்த இடத்தில் போடுவது என்று தெரியாமல் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள், அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறார்கள். அக்கறையில் எழுதவில்லை. சும்மா எழுதினேன்.

பதில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்