சுவரைத் தள்ளச் சொன்னார்கள்

மார்ச் 4

தம்பிக்கு,

உன் மனைவி போனில் எல்லாம் சொன்னாள். பழுது பார்க்கப் போன லிஃப்டுக்குள் கதவு மூடியதும் விறைத்துப்போய் நின்றுவிட்டாயாம், கம்பெனி லீவில் அனுப்பிவிட்டதாம். சரி, ஒரு டாக்டரைப் பார். அதை விட்டுவிட்டு, மூச்சைக் கவனி, சுவரைத் தள்ளு என்று சொல்லும் ஒரு அம்மாளிடம் வாராவாரம் போகிறாயாமே? உன் தலையில் நன்றாக மிளகாய் அரைக்கிறாள். செத்துப்போன அப்பாவைப் பற்றி அங்கே என்னென்ன உளறினாய்?

உன் அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

நான் ஒன்றும் உளறவில்லை. அந்த அம்மாள் உள்ளங்கைகளைச் சுவரில் வைக்கச் சொன்னார்கள். "அவசரமே இல்ல. பாதம் தரையில இருக்கிறது தெரியுதா? கை என்ன செய்யணும்னு நினைக்குதோ, செய்ய விடுங்க" என்றார்கள். என் கை தள்ளவில்லை, தட்டியது. மண்டியிட்டு, ஏழு வயதுப் பையன் உயரத்தில் தட்டினேன்.

அப்பா என்னை அடித்து அடைக்கும் சாமான் அறையை நான் மறந்ததே இல்லை. அன்று சுவரைத் தட்டியபோது புதிதாக நினைவில் கேட்டது உன் குரல். அப்பா வேலைக்குப் போன பிறகும், கதவுக்கு வெளியே நீ பாடம் ஒப்பிக்கிறாய். ஏன் திறக்கவில்லை? கேட்க உன்னை விட்டால் ஆளில்லை. பூசி மெழுகாமல் பதில் போடு. இது தெரியாமல் என்னால் லிஃப்டுக்குள் கால் வைக்க முடியாது.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

நல்ல கூத்து! அம்மா இல்லாத வீட்டில் உனக்குச் சோறு ஊட்டியது மறந்துவிட்டது, தாழ்ப்பாள் மட்டும் ஞாபகம் இருக்கிறதாக்கும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா சொன்னதைச் செய்தேன். இனி இந்தப் பேச்சை எடுத்தால் உனக்கு அக்கா இல்லை.

மார்ச் 29

தம்பிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். போன கடிதத்தில் சொன்னது பொய். "நான் போனதும் திறந்து விட்டுடு" என்றுதான் அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வார். நான் திறக்க மாட்டேன். வெளியே வந்தால் நீ அழுவாய், நான் சமாதானப்படுத்த வேண்டும். வெறுப்பாக இருந்தது. நீ தட்டி ஓய்ந்ததும் வீடு அமைதியாகிவிடும். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன்.

உன் அக்கா

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

வராதே. பயந்துபோய்த் திறக்கவில்லை என்றிருந்தால் மன்னித்திருப்பேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

கடிதத்தைப் படித்ததும் பத்து நிமிஷம் உடம்பு உதறியது. உதறட்டும் என்று விட்டேன், அந்த அம்மாள் அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். உண்மையைச் சொன்னாய், அது எனக்கு உதவும். அதற்காக உன்னை என் வீட்டில் உட்காரவைக்க முடியாது. நீ அழுவாய், நான் சமாதானப்படுத்த வேண்டும்.