அடைப்புக்குறிக்குள் பெயரில்லாத பாட்டு

வியாழக்கிழமை காலை, நான் வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிற இத்தாலிய மூதாட்டி சின்யோராவுக்கு மந்தரின் உரித்துக்கொண்டிருந்தேன். சியாகுல்லித் தோட்டத்துப் பழம், குளிர் முடிகிற நேரத்தில் வருகிற கடைசிக் காய்ப்பு. விரலெல்லாம் தோலின் எண்ணெய் மணம். சமையலறை வானொலியில் அமெரிக்க ஆண்குரல் ஒன்று பாடத் தொடங்கியது. அவர் இரண்டாவது வரிக்கு வருமுன் நான் அதைச் சொல்லிவிட்டேன், அண்ணை. அது உங்களுடைய பாட்டு.

உங்களுடையது என்று நாங்கள் நம்பியிருந்த பாட்டு. முடிந்ததும் அறிவிப்பாளர் பாடியவரின் பெயரைச் சொன்னார். ஒரு காலத்தில் அமெரிக்காவில் வாரக்கணக்காக முதலாம் இடத்தில் நின்ற கன்ட்ரி பாட்டாம். எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை. உங்கள் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று நான் ஒரு கணம் காத்திருந்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது.

மொண்டெல்லோவில் கடற்கரை உணவகத்தில் நாங்கள் இருவரும் தட்டுக் கழுவிய கோடைகள் நினைவுக்கு வந்தன. நீங்கள் மன்னாரில் இளந்தாரியாக இருந்தபோது கேட்ட, கிழமைதோறும் பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்கிற வானொலிக்காரரின் குரலில் பேசி, தட்டுகளுக்கும் அப்படியே இடம் கொடுப்பீர்கள். பத்தாம் இடத்தில் ஒரு கோப்பை, ஐந்தாம் இடத்தில் ஒரு மீன் தட்டு. அடிப்பிடித்த பெரிய சட்டி வந்தால்தான் முதலாம் இடம். அதற்கு முழுப் பாட்டும் பாடுவீர்கள்.

"உந்தப் பாட்டுகளிலை என்னதான் கிடக்கு அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூண்டு சாமான் பிள்ளை. ரயில், குடி, விட்டிட்டுப் போன மனுசி."

"எங்கடை ஆக்கள் எழுதினால்?"

"பெர்மெஸ்ஸோவையும் சேர்க்கவேணும். அது கையிலை இல்லாட்டி ரயிலுமில்லை, மனுசியுமில்லை."

சிரித்தோம். அந்த வதிவிடக் காகிதம் சரிவரும்வரை உங்கள் மனைவியை, எங்கள் அக்காவை, மன்னாரில் விட்டு எட்டு வருடம் இருந்தவர் நீங்கள். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

பாடுகிறவர்களைவிட எழுதுகிறவர்கள்மேல்தான் உங்களுக்குப் பட்சம். "பாடினவன்ரை படம் இசைத்தட்டு மட்டையிலை பெரிசாக் கிடக்கும். எழுதினவன்ரை பேரை அடைப்புக்குறிக்குள்ளை கண்ணாடி போட்டுத் தேடவேணும்" என்பீர்கள். நத்தார் விழாவில் எங்கள் தேவாலயப் பாடகர்குழு பாடி முடித்ததும், எல்லாரும் கைதட்ட, நீங்கள் மட்டும் எழும்பி, "நல்லாப் பாடினியள். எழுதினது ஆரெண்டு சொன்னால் வாய் வலிக்குமோ?" என்று கேட்டு, அக்கா உங்கள் சட்டையைப் பிடித்து இருத்தினாரே.

அப்படிப்பட்டவர் பாட்டுகளை எழுதிவைத்த கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவு மலருக்காக அக்கா தந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் பாடியவர், அடைப்புக்குறிக்குள் எழுதியவர், எந்தக் கிழமை எத்தனையாம் இடம். ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் ஒன்றுமில்லை. ரயிலடியில் நின்று தூரத்து மனைவிக்குப் பாடுகிற பாட்டு அது.

"இது அவர் எனக்கெண்டு எழுதினது," என்றார் அக்கா. "அந்த எட்டு வருசமும் கடிதத்திலை வரும். நீ படிச்சனி, தமிழாக்கித் தா. அவற்றை பேரோடை முதல் பக்கத்திலை போடுவம்."

தமிழாக்கினேன். இரண்டு கிழமை, பஸ்ஸில் போகவும் வரவும். அதற்குப் பிறகுதான் இந்த வானொலி.

வியாழன் மாலை வேலை முடிய நேரே அக்காவிடம் போனேன். அச்சகத்துக்கு மறுநாள் கொடுக்கவேண்டும். வேறொருவரின் பாட்டை உங்கள் பெயரில் போட்டால், அது நீங்கள் வாழ்நாளெல்லாம் சண்டை பிடித்த அதே பிழை. போடாவிட்டால் அக்காவின் எட்டு வருடம் என்னாவது? படியேறும்போது இரண்டும் மாறி மாறி வந்தன.

"அக்கா, உங்களோடை ஒரு விஷயம் கதைக்கவேணும்."

"முதல் வாசி. பிறகு கதைப்பம்."

வாசித்தேன். மூன்றாம் பந்தியில் அக்கா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அந்த வரியைத் திருப்பி வாசி."

"சோறு ஆறுமுன் வருவேன் என்றேன். எத்தனை சோறு ஆறிப்போயிற்று."

அக்கா அழுதார். பிறகு அழுகையோடே சிரித்தார். "பாத்தியே, இது அவர்தான். வேறை ஆர் இப்பிடி எழுதுவினம்? எனக்கு இங்கிலீசு விளங்காததாலை இவ்வளவு காலமும் தெரியாமல் போச்சு. உதைத்தான் பெரிய எழுத்திலை போடவேணும்."

நான் கொப்பியைப் பார்த்தேன். அங்கே அந்த வரி இல்லை. 'எனக்குப் பிந்திவிட்டது' என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. சோறு என்னுடையது. என் கணவர் மிலானோவில் வேலை செய்த வருடங்களில் வருவார் என்று வெள்ளிக்கிழமைகளில் வடித்து வைத்த சோறு. அது எப்போது உள்ளே புகுந்தது என்று எனக்கே தெரியாது.

ஒரு உண்மையைச் சொல்லப் போனவளிடம் இப்போது இரண்டு இருந்தன.

"என்னவோ கதைக்கவேணும் எண்டாய்?"

"ஒண்டுமில்லை அக்கா. எழுத்து எந்த அளவிலை போடுறது எண்டு கேக்கத்தான்."

உங்களுக்கும் இப்படித்தான் நடந்ததா அண்ணை? முதல் கடிதத்தில் சும்மா எழுதி அனுப்பினீர்கள், அக்கா உங்களுடையது என்று மகிழ்ந்துவிட்டார், பிறகு சொல்ல வாய் வரவில்லையா? அல்லது எட்டு வருடம் எழுதி எழுதி உங்களுக்கே மறந்துபோயிற்றா? யாருடையது என்று தெரிந்தும் அந்த ஓர் இடத்தை வெறுமையாக விட்டீர்களா? கேட்பதற்கு உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.

மலர் அச்சாகிவிட்டது. அக்கா மன்னாருக்கும் கனடாவுக்கும் போன் எடுத்து அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அவர்தான் எழுதினது" என்கிறார் ஒவ்வொரு தடவையும். பக்கத்தில் இருந்து நான் தலையாட்டுகிறேன். உங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறேனா, என்னையா, விளங்கவில்லை. நாளைக்குப் பூசை முடிய எல்லாருக்கும் முன்னால் அதை வாசிக்கவேண்டியதும் நான்தானாம். இன்று பின்னேரம் ஒருதரம் வாசித்துப் பார்த்தேன். அந்த வரி வந்ததும் என் குரல், நீங்கள் பெரிய சட்டிக்குப் பாடுகிற மாதிரி, தானாகவே கொஞ்சம் இழுத்தது.