படத்தில் உன் முழங்கை

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
நவம்பர் 16

அன்புள்ள மகன் லூர்துபிரகாஷுக்கு அப்பா எழுதுவது. மாதா கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன், மற்றபடி இந்தக் கடிதத்தில் என்ன இருக்கும் என்று தெரிந்த நாளிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதில்லை, சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீ அடுத்தவனைப் பேச விடுவதில்லை, அதனால்தான் தபால். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, உன் தங்கை பிரிஸ்கில்லா உழவர்கரையில் மாடி எடுத்துக் கட்டினாளே, அது இப்போதே ஒழுகுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பங்குக் கோயில் பாஸ்கெட்பால் கிளப்பின் ஐம்பதாவது வருஷத்துக்கு, இதுவரை ஆடியவர்களில் சிறந்தவன் என்று ஒரே ஒருவன் படத்தைக் கோர்ட்டுச் சுவரில் மாட்டப் போகிறோம். அது நீதான் என்று நீயே முடிவு செய்து, ஜனவரிக்கு டிக்கெட்டும் போட்டு, மாமனார் வீட்டிலும் சொல்லிவிட்டாய். போன ஞாயிறு பூசை முடிந்து கமிட்டி கூடியது. உனக்கு மூன்று பேர், உன்னோடு ஆடிய வெற்றிச்செல்வனுக்கு மூன்று பேர். தலைவர் என்பதால் கடைசி ஓட்டு என்னுடையது. வெற்றிச்செல்வனுக்குப் போட்டேன்.

பெத்த புள்ளைக்கே போடலியாண்ணே என்று கமிட்டியில் இருக்கும் பலராமன் கேட்டார். ஐம்பது வருஷத்தில் உன் அளவுக்குப் பந்தை ரிங்கில் போட்டவன் இல்லை, அதை நான் மறுக்கவில்லை. உன் திறமையில் கால்வாசி அவனுக்குக் கிடையாது. அந்தத் தைரியத்தில்தானே வாட்ஸ்அப்பில் எனக்குப் பாடம் அனுப்பினாய், அமெரிக்காவில் வில்ட் சேம்பர்லேன் ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளி போட்டவர், அவரைப் போல இன்னொருத்தர் உண்டா என்று. அவர் காலத்திலேயே எதிரணியில் ஆடிய பில் ரஸ்ஸலின் அணி பதினோரு தடவை சாம்பியன், சேம்பர்லேனுக்கு இரண்டே தடவை, அதை ஏன் அனுப்பவில்லை? நீ ஆடிய ஆறு வருஷத்தில் நம் கிளப்புக்கு ஒரு கோப்பை கிடையாது. நீ போன பிறகு அவன் கேப்டனாக இருந்து மூன்று வாங்கினான். மூன்று ஃபைனலிலும் சேர்த்து அவன் போட்டது இருபது புள்ளிகூட வராது. அவனோடு சேர்ந்தவன் எல்லாம் ஆடினான், உன்னோடு சேர்ந்தவன் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தான்.

லாஸ்பேட்டை ஃபைனலை நீ மறந்திருப்பாய். ஜெயித்தால் ஐந்து பேருக்கும் வேலை என்று ஒரு கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். நாற்பத்தொரு புள்ளி போட்டாய். கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம், உன்னை மூன்று பேர் மறித்தார்கள், வெற்றிச்செல்வன் ரிங்குக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு தனியாக நின்றான். நீ கொடுக்கவில்லை. நீயே போட்டாய், ரிங்கில் பட்டு வெளியே போனது. ஆட்டம் பார்க்க வந்திருந்த வேறொரு கம்பெனியின் சென்னைக்காரர்கள் உன்னை மட்டும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், அங்கிருந்து பிரான்ஸ் போனாய். அவன் இன்றைக்கும் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நம் வீட்டு மாடிப்படி ஏறுகிறான். பிரகாஷ் எப்படி கீறான் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, உனக்கு அது என்றைக்காவது வந்ததாகத் தெரியவில்லை.

கொடுக்காதடா, நீயே போடு என்று கோர்ட் ஓரத்தில் நின்று கத்தியது யார் என்று நீ கேட்பாய். நான்தான். அதைக் கமிட்டியிலும் எழுந்து சொன்னேன். ஒரு தடவை உனக்காகக் கத்தி நாலு பேர் பிழைப்பைக் கெடுத்தது போதும்.

பேத்திக்குப் பந்து வாங்கிக் கொடுத்திருக்கிறாயாம். முதலில் பாஸ் கொடுக்கப் பழக்கு. ரிங்கில் போட யாரும் சொல்லித்தர வேண்டாம், நம் வீட்டுப் பிள்ளை, அது தானாக வரும். டிக்கெட்டை ரத்து செய்யாதே. விழாவில் அவன் கழுத்தில் மாலை போடுவது நீதான் என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை.

மாட்டுவதற்கு அவன் படம் தேடினேன். அந்த ஆறு வருஷமும் கிளப்புக்குப் படம் எடுத்தவன் நான், இரும்புப் பெட்டியைத் திறந்தால் நூற்றுச் சொச்சம் படத்திலும் நீதான் இருக்கிறாய். அவன் தெரிவது ஒன்றே ஒன்றில், அந்தக் கடைசி நிமிஷத்தில். கத்திக்கொண்டே எடுத்ததால் கொஞ்சம் ஆடியிருக்கிறது. நடுவில் பந்தோடு நீ, ஓரத்தில் கை நீட்டியபடி அவன். நானே கத்தரிக்கோலால் வெட்டினேன். உன் பாதியை இதோடு வைத்திருக்கிறேன். உன் முழங்கை மட்டும் அவன் பக்கம் தங்கிவிட்டது, ஸ்டுடியோக்காரர் அதையும் கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்றார். இருக்கட்டும் என்றேன்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக. விழா ஜனவரி பதினெட்டு, மாலை ஐந்து மணி, மறந்துவிடாதே.

உன் அப்பா,
அமலநாதன்