அத்தா, நசீரின் கோபத்துக்கு ஆள் தேடினோம்

அன்பு அத்தாவுக்கு,

உங்கள் அடக்கஸ்தலத்துக்கு வந்து ஸலாம் சொல்லிவிட்டு நிற்கும்போது இதையெல்லாம் பேச வாய் வருவதில்லை. பக்கத்தில் யாராவது யாசீன் ஓதிக்கொண்டிருப்பார்கள். அதனால் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்று சொன்னது தம்பி நசீர்தான். பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க்கா. கோலா சிலாங்கூர்ல தெரியாதவன் யாரு?" என்றான்.

நீங்கள் போனதும் நம் சாப்பாட்டுக் கடை அவன் கைக்கு வந்தது. கூடவே உங்கள் கோபமும் வந்தது என்று ஆட்கள் சொன்னார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னார்கள். "அத்தா மாதிரியே ஸ்ட்ரிக்ட்லா" என்று தே தாரிக் டீ குடித்துக்கொண்டே சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. நீங்கள் வீட்டுக்குள் வந்து சாவியை மேசையில் வைக்கிற சத்தத்தைக் கேட்டே, அறைக்குள் போய்விடலாமா, உங்கள் பக்கத்தில் வந்து உட்காரலாமா என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள் நாங்கள். அது உங்களுக்குத் தெரியுமா அத்தா?

ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம். ரொட்டி போடும் ரஃபீக் ஆர்டரை மாற்றிக் கொடுத்துவிட்டான். லோரி ஓட்டுபவர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். அவ்வளவுதான் நடந்தது. நசீர் கையிலிருந்த கண்ணாடிக் கிளாஸைச் சுவரில் எறிந்தான். ரஃபீக்கை நோக்கி எறியவில்லை என்று இன்றுவரை சொல்கிறான், நானும் நம்புகிறேன். ஆனால் அந்தச் சுவரோரம் அவன் மகள், உங்கள் பேத்தி ஆயிஷா உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சில்லு பறந்து அவள் கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது.

கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை உங்கள் மருமகள் சல்மா ஆயிஷாவின் கையை விடவில்லை. தையல் போட்டு முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கிள்ளானில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நசீர் பின்னாலேயே போய் வாசலில் நின்று அழுதானாம். கதவு திறக்கவில்லை.

நான் போனபோது திறந்தாள். ஆயிஷா என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். சமாதானம் பேச வந்த எண்ணத்தை அதைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

"அவர் சத்தியம் பண்றதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு மதினி" என்றாள் சல்மா. "இதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்கல்ல? அவங்ககிட்ட போய் உட்காரட்டும். வாராவாரம் போறாரான்னு நீங்க சொல்லுங்க. அவர் சொன்னா நம்ப மாட்டேன். நீங்க சொன்னா நம்புவேன்."

பெரிய பொறுப்பு, அத்தா. அப்போது அது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியவில்லை.

நசீரிடம் சொன்னதும், "எனக்கென்ன பைத்தியமா?" என்றான். உறவுக்காரர் ஒருவர், ஓதிப் பார்த்தால் சரியாகிவிடும் என்றார். பள்ளிவாசல் அஸ்ரத்திடம் கூட்டிப்போனேன். ஓதித் தண்ணீரும் கொடுத்துவிட்டு, "இதையும் குடிங்க தம்பி. ஆனா அக்கா சொல்ற இடத்துக்கும் போங்க. ஒண்ணு செஞ்சா இன்னொண்ணு வேணாம்னு யாரும் சொல்லல" என்றார். அதற்குப் பிறகுதான் நசீர் கொஞ்சம் இறங்கிவந்தான்.

இறங்கிவந்தால் மட்டும் போதுமா? ஆள் கிடைக்க வேண்டுமே. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் பொறுமையாகக் கேட்டு, பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே முறை வரப் பல மாதம் ஆகும் என்றார்கள். கோலாலம்பூரில் ஒரு மனநல ஆலோசகர் வீடியோவில் பார்ப்பதாகச் சொன்னார். நசீர் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தான். வெளியே ஆட்கள் தட்டு கழுவுகிற சத்தம். அந்த மனிதர் ஆங்கிலத்தில் கேட்டார், மலாயில் கேட்டார். இவனும் பதில் சொன்னான். பாதியிலேயே மடிக்கணினியை மூடிவிட்டு வெளியே வந்தான்.

"எல்லாம் புரியுதுக்கா. ஆனா எனக்குக் கோபம் தமிழ்லதான் வருது. அதை மலாய்ல சொன்னா வேற யாரோ ஒருத்தன் கதை மாதிரி இருக்கு."

அதுவரை அவன் சொன்னதிலேயே உண்மையான பேச்சு அதுதான் என்று தோன்றியது. புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் வேலை செய்யும் ரவாங் தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போய்வரும் நேரமெல்லாம் தமிழ் பேசுகிற ஆலோசகர் யார் இருக்கிறார் என்று விசாரித்தேன். ஒருவர் போனை எடுக்கவேயில்லை. ஒருவர் கல்யாணத் தகராறு மட்டும்தான் பார்ப்பேன் என்றார். இன்னொருவர், வந்தால் உடனே குணமாக்கித் தருகிறேன் என்றார். அவரை நானே வேண்டாம் என்றேன்.

கடைசியில் ரவாங்கில், கடை வரிசை ஒன்றின் மாடியில் இருக்கும் சிவகாமி என்ற அம்மாள் கிடைத்தார். முறையாகப் பதிவு செய்தவரா, பொருளை எறிகிற ஆட்களைப் பார்த்து அனுபவம் உண்டா என்று கேட்டேன். கூச்சப்படாமல் பதில் சொன்னார். பிறகு அவர் ஒன்று கேட்டார்.

"குழந்தை இப்ப எங்க இருக்கு? பத்திரமா இருக்கா?"

அதுவரை நான் பேசிய ஒருவரும் இதைக் கேட்கவில்லை. இவர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

"பொம்பளைகிட்டயா?" என்றான் நசீர். நான் கார்க் கதவைத் திறந்து வைத்தேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் போனோம். முன்னால் பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்து போனது. அவன் கால் தரையை உதைத்துக்கொண்டே இருந்தது. பிரேக் என் காலடியில்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே போனான். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கதவு படாரென்று திறக்கும், இவன் கத்திக்கொண்டே வருவான் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் வந்தான். திரும்பும் வழியில் பத்தாங் பெர்ஜுந்தை ஊரைத் தாண்டிய பிறகுதான் பேசினான்.

"கோபம் வர்றதுக்கு முன்னாடி உடம்புல எங்க தெரியும்னு கேட்டாங்க. தாடைன்னு சொன்னேன். இறுகும்." தன் தாடையைத் தொட்டுப் பார்த்தான். "அத்தாவுக்கும் அப்படித்தானேக்கா?"

ஆமாம் என்றேன். உங்களிடம் யாராவது ஒரு தடவை இப்படிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் அத்தா?

அப்புறம் அவனே ஒழுங்காகப் போனான். வேலை முடிந்து நானும் போய்ப் படியில் உட்காருவேன். சல்மாவுக்கு உடனே சொல்லிவிடுவேன். ஒரு வாரம் அலுவலகத்தில் சரக்குக் கணக்கெடுப்பு, என்னால் போக முடியவில்லை. போய்வந்ததாக நசீர் போனில் சொன்னான். கண்ணால் பார்க்காததால் சல்மாவுக்கு இன்னும் சொல்லாமல் வைத்திருந்தேன். மறுநாள் கடைக்குப் போனபோது, முந்தைய நாள் சாயங்காலம் முழுக்க முதலாளி கல்லாவில்தான் இருந்தார் என்று ரஃபீக் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான்.

பின்கட்டில் நசீரைக் கேட்டேன். மறைக்கவில்லை. "கூட்டம்க்கா. ஒரு தடவைதானே? நான் போனேன்னு சல்மாகிட்ட சொல்லிடுங்க. இல்லன்னா எல்லாம் கெட்டுடும்."

"சொல்ல மாட்டேன்டா."

"என் குடும்பம்க்கா."

"அதனாலதான் சொல்ல மாட்டேன்."

ஐஸ்பெட்டியை ஓங்கி அடித்தான். தாடை இறுகியது தெரிந்தது. என்னை அறியாமல் வாசல் பக்கம் நகர்ந்தேன். அவன் என் கால்களைப் பார்த்தான்.

"ஏன் பின்னாடி போறீங்க?"

"பயமா இருக்கு நசீர்."

அப்படி ஒரு வார்த்தையை நான் அவனிடம் சொன்னதே இல்லை. உங்களிடமும் சொன்னதில்லை. ரஃபீக் மாவைக் கையில் வைத்தபடி நின்றிருந்தான். நசீர் தன் போனைக்கூட எடுத்துக்கொள்ளாமல், "நான் வெளிய போறேன்" என்று சொல்லி ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டான்.

அவன் திரும்பும்வரை நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத விரும்பவில்லை. பின்னாலேயே போகலாமா என்று இரண்டு மனம். சிவகாமி அம்மாளுக்குப் போன் செய்தேன். "வெளிய போறேன்னு சொல்லிட்டுத்தானே போனார்? அது நான் சொல்லிக் கொடுத்ததுதான். காத்திருங்க. ஆனா நீங்க தனியா இருக்காதீங்க, ஆள் இருக்கிற இடத்துல உட்காருங்க" என்றார்.

அசர் தொழுகை முடிந்து ஆட்கள் வரத் தொடங்கியபோது நசீர் வந்தான். சட்டை முழுக்க வேர்வை. என் பக்கம் வராமல், தள்ளியிருந்த மேசையில் உட்கார்ந்து தன் போனை எடுத்துத் தரச் சொன்னான். சல்மாவை அவனே அழைத்தான்.

"நான் இந்த வாரம் போகல. அக்காவைப் பொய் சொல்லச் சொன்னேன். அவங்க மாட்டேன்னுட்டாங்க."

அவள் சொன்னதை அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு தலையாட்டினான். "அடுத்த வாரம் போங்கன்னு சொல்றா" என்றான் என்னிடம்.

போனான். இப்போதும் போகிறான். ரஃபீக்கிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான். ரஃபீக் சிரிக்கவில்லை, சரி என்று மட்டும் சொன்னான். ஆயிஷாவின் தழும்பு மங்கிவருகிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சல்மா அவளை அழைத்துவருகிறாள். பிள்ளை அப்பாவோடு பேசுகிறாள், அவன் ஊட்டினால் சாப்பிடுகிறாள். ஆனால் மடியில் மட்டும் இன்னும் உட்காரவில்லை. அவனும் வா என்று இழுக்கவில்லை.

போன ஞாயிறு கிளம்பும் நேரத்தில் சல்மா என்னைக் கேட்டாள். "மதினி, நாங்க வீட்டுக்கு வந்துடலாமா? நீங்க சொல்லுங்க."

நசீர் கல்லாவில் இருந்தான். காதில் விழும் தூரம்தான். வரலாம் என்று சொல்ல எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும். "இன்னும் தெரியலம்மா" என்றேன்.

அவன் எழுந்து வந்தான். நான் அவன் தாடையைத்தான் பார்த்தேன். சல்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா சொல்றது சரிதான்" என்றான் நசீர். "எனக்கும் இன்னும் தெரியல."

பையை எடுத்துக்கொண்டு போய்க் காரில் வைத்துவிட்டு வந்தான்.

அத்தா, உங்கள் மகனை நான் கைவிட மாட்டேன். ஆனால் அவனுக்காக ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். சல்மா கேட்கும் நாளில் எது உண்மையோ அதையே சொல்வேன். அது உங்கள் காதுக்குக் கசந்தாலும் சரி.

உங்கள் துஆவை எதிர்பார்த்து,
உங்களிடம் பயந்தும், உங்களை நேசித்தும் வளர்ந்த மூத்த மகள்,
ஹமீதா