கடைசியாக உறையும் இடம்

நேற்று ஒரு வேலையாக எம்பிலிப்பிட்டிய போயிருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் நெல் ஆலைக்காரன் உமியைக் கொட்டி எரித்துக்கொண்டிருந்தான். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் நின்ற இடத்திலேயே நின்று, பலாங்கொடை பஸ்ஸைத் தவறவிட்டேன். அடுத்த பஸ் வரும்வரை மனதுக்குள் உங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்தபிறகு பேசி என்ன பயன் என்று கேட்பீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலைக்கு வந்த டீமேக்கர், தேயிலை தயாரிப்பைக் கவனிப்பவன். நீங்கள் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தொழிற்சாலைக்கு இயந்திரம் பழுதுபார்க்கும் ஃபிட்டராக வந்தவர். நம் இருவருக்கும் ஒரே வயது. வெளிநாட்டு உதிரிப்பாகங்கள் வராமல் நின்றுபோன காலம் அது. கொழுந்தைச் சுருட்டும் ரோலரின் சுழல்தண்டைத் தாங்கும் பித்தளை வளையமான புஷ் தேய்ந்துபோயிற்று. பழைய பித்தளையை உருக்கி நாமே வார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். மண் அச்சில் வார்த்தோம். பூட்டிய நான்காம் நாள் வெடித்தது. இரண்டாவதும் அப்படியே. உடைந்த இடத்தில் பார்த்தால் உள்ளே ஓட்டை.

ரோதைகளை, அதாவது இயந்திரங்களைக் காக்கும் ரோதைமுனிக்குப் படையல் குறைந்துவிட்டது என்று தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள். நான் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஈரம் என்று தீர்ப்புச் சொன்னேன். தேயிலைக்காரனுக்கு உலகத்தில் எது கெட்டாலும் காரணம் ஈரம்தான். மூன்றாவது அச்சைத் தூக்கிப்போய் தேயிலை உலர்த்தும் டிரையருக்குப் பக்கத்தில் இரண்டு நாள் காயவைத்தேன். அதில் வார்த்த புஷ்ஷும் வெடித்தது. உடனே, ஃபிட்டர் ஈரமண்ணில் கவனமில்லாமல் வார்க்கிறார் என்று தோட்ட நிர்வாகியான துரைக்கு எழுதிக்கொடுத்தேன். நானே காயவைத்த அச்சில் ஈரம் எங்கிருந்து வந்தது என்று துரையும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இன்னொன்று உடைந்தால் உங்களை மலைக்குப் புல்லு வெட்ட அனுப்புவதாகத் துரை சொல்லிவிட்டார்.

அன்று மாலையே மூன்று புஷ்களையும் நெடுக்காக அறுத்து என் மேசையில் வைத்தீர்கள்.

“இத கொஞ்சம் பாருங்கய்யா. ஈரம்னா ஓட்ட குமிழி மாதிரி வழவழன்னு, கண்ட எடத்துலயும் இருக்கும். இது மூணுலயும் ஒரே எடம். கிழிச்சுப்போட்ட மாதிரி கரடுமுரடா இருக்கு.”

“அதுக்கு என்ன சொல்லுறீர்?”

“பித்தள உறையும்போது சுருங்குதுங்க. மெல்லிசான எடம் மொதல்ல உறைஞ்சிருது. உறையும்போது பக்கத்துல தடிச்ச எடத்துலேருந்து உறிஞ்சிக்கிது. தடிச்ச எடம் கடைசியா உறையுது, அதுக்குக் குடுக்க யாருமில்ல. பட்டினியில வவுறு ஒட்டிப் போவுது.”

லயத்தில் பிள்ளைகள் கிழங்குக்கும் வழியில்லாமல் இருந்த நாட்கள். உங்களுக்கு வேறு எந்த உதாரணம் வந்திருக்கும்? அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

வழியும் நீங்களே சொன்னீர்கள். தடித்த பகுதிக்கு அடியில் இரும்புத் துண்டுகளை மண்ணில் பதித்தால், சூட்டை அவை இழுத்துக்கொள்ளும். அந்த இடம் கீழிருந்து முந்தி உறையும். அதற்கு மேலே பித்தளையிலேயே பெரிய ‘தலை’ ஒன்று விட்டு, உமிச் சாம்பலைப் போட்டு மூடினால், தலை கடைசிவரை உருகியே நின்று கீழே வேண்டியதைக் கொடுக்கும். ஓட்டை விழுந்தால் தலையில் விழட்டும். பிறகு தலையை அறுத்துப் போட்டுவிடலாம்.

“அறுத்துப்போடுறதுக்கு நான் பித்தளை தரமாட்டன்” என்றேன். ஸ்டோரில் இருந்தது புஷ்ஷுக்கு மட்டும்தான் போதும்.

மறுநாள் காலை உங்கள் மனைவியின் பித்தளைத் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றீர்கள். அவருடைய தாய் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த குடம்.

“வீட்டில என்ன சொன்னவ?”

“இன்னும் சொல்லலீங்க. நான் புல்லு வெட்டப் போனா மட்டும் சந்தோசப்படுவாளா?”

இரும்புத் துண்டுகளை மட்டும் என் கையில் கொடுத்தீர்கள். “இதுல வேர்வ கட்டியிருந்தா வெடிச்சிரும். ஈரம் ஈரம்னீங்களே, இத காய வச்சுத் தாங்க.” காயவைத்துக் கொடுத்தேன். அந்த வார்ப்பில் என் பங்கு அவ்வளவுதான்.

ஆறியபிறகு தலையை அறுத்தோம். அதற்குள் ஒரு கை நுழையும் குழி. புஷ்ஷில் ஊசிமுனை அளவுகூட ஓட்டையில்லை. துரை வந்து பார்த்து, என் காயவைக்கும் முறை பலித்துவிட்டது என்று என் கையைக் குலுக்கினார். நான் “தாங்க்யூ சேர்” என்றேன். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். அவர் போனபின் அவமானத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

“சரிங்கய்யா, ரோதை ஓடுதில்ல” என்றீர்கள்.

சில வருடங்கள் கழித்து, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி உங்களுக்கும் பாஸ்போட் வந்தது. புறப்படுமுன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். “வார்ப்பு வேல தெரியும்னு ஒரு வரி எழுதித் தாங்க. கோயம்புத்தூர்ப் பக்கம் பட்டறை நெறைய இருக்காம்.” அந்தக் கடிதத்தில் துரை கையெழுத்து வைக்க வேண்டும். அந்த வரியை எழுதினால், அன்றைய முறை யாருடையது என்று அவர் கேட்பார். அதனால் ‘நல்லொழுக்கமுள்ள தோட்டத் தொழிலாளி’ என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதினேன். உங்களுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நீங்கள் அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, என்னைக் கும்பிட்டீர்கள்.

அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. “இங்க பட்டறையில மண்ணு சுமக்கிறேன். போன வாரம் இவுங்க வார்ப்புலயும் அதே எடத்துல ஓட்ட. தல வெக்கணும்னு சொன்னேன். ஒன் காயிதத்துல அப்படி ஒண்ணும் இல்லியேன்னு சிரிச்சாங்க. ஐயா அவசரத்துல எழுத மறந்திருப்பீங்க. பரவால்ல.”

பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். அதற்குள் நீங்கள் காலமான செய்தி உங்கள் மகனிடமிருந்து அஞ்சலட்டையில் வந்துவிட்டது. குற்றம் செய்தவனுக்குச் சாக்கையும் நீங்களே எழுதி அனுப்பிவிட்டுப் போனீர்கள். அதை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பித் தரவும் ஆளில்லை.

நான் மறக்கவில்லை. தெரிந்துதான் எழுதாமல் விட்டேன்.