எல்லையில் ஒரு சின்ன எண்

மார்ச் 4

அப்பா போய் ஒன்றரை மாதம். நான் இன்னும் அழவில்லை. அம்மாவுக்கு அதுதான் கவலை. காலையில் காபி கொடுக்கும்போதே, "ஒரு தடவை வாய்விட்டு அழுதுடுடி, உள்ளேயே வெச்சிக்காத" என்றாள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வைத்துக்கொள்ள? காபி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

மார்ச் 6

பெரியம்மா வந்தாள். கட்டிப்பிடித்து, காதருகே ஓலமிட்டு, அழு அழு என்று முதுகில் குத்தினாள். சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருப்பதை அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். பேட்டரி வாங்க வேண்டும்.

மார்ச் 9

புரொஃபசருக்கு என் கணக்கின் வரைபடத்தை அனுப்பினேன். சில பொருள்களைக் குளிர்வித்தால் மின்தடை அறவே போய்விடும். அதை நேரடியாகக் கணக்கிடுவது பெரிய தலைவலி. அதனால் ஒரு பரிமாணம் கூடுதலான கற்பனை உலகில் ஒரு கருந்துளையை வைத்து, அதைக் குளிர்விக்கிறோம். அதைச் சுற்றி ஒரு புலம் படர்ந்தால் இங்கே மின்தடை போயிற்று என்று கணக்கு. அந்தப் புலத்துக்கு எங்கள் பேச்சில் 'முடி'. சூடாக்கினால் அது உதிர்ந்து பூஜ்யமாகிவிட வேண்டும்.

என் வேலையில் அப்பாவுக்குப் பிடித்தது இது ஒன்றுதான். சாப்பிட உட்காரும்போதெல்லாம் வழுக்கையைத் தடவிக்கொண்டு கேட்பார்: "எனக்குத்தான் கொட்டிப்போச்சு. உன் கருந்துளைக்காவது முளைச்சுதா?"

முளைத்துவிட்டது. ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 10

தூங்கினேன்.

மார்ச் 12

எதையும் நம்பாத பக்கத்து மேசைக்காரனுக்கு ஆய்வறையில் நாங்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. என் திரையை எட்டிப் பார்த்தான். "எவ்வளவு சூடாக்கினாலும் முடியோட கோடு பூஜ்யத்துக்கு வரவே மாட்டேங்குதே. எங்கயாவது தள்ளிவிட்டிருக்கியா?"

தள்ளித்தான் விட்டிருக்கிறேன். சும்மா விட்டால் நிரல் பூஜ்யத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அந்தக் கற்பனை உலகின் எல்லையில் சின்னதாக ஓர் எண்ணைக் கொடுத்துத் தள்ளுவோம். விடை பிடிபட்டதும் எடுத்துவிட வேண்டும். வெளியிலிருந்து தள்ளி வந்த முடி கணக்கில் சேராது, தானாக முளைக்க வேண்டும். அந்த எண்ணை நான் போட்டது, அப்பா ஐசியூவில் இருந்த வாரம், ஆஸ்பத்திரி வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து. எடுக்க மறந்திருக்கிறேன்.

அப்போ இதை வெச்சு எழுதின கட்டுரை போச்சா? எட்டு மாச உழைப்பு — அதுக்குக்கூட ஒண்ணும் தோணலையே. நான் என்ன கல்லா?

மார்ச் 13

புரொஃபசரிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். "எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க. முளைக்கலேன்னா கட்டுரை இல்ல, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து, "இனிமே அழச் சொல்லாதம்மா" என்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 16

எல்லையில் பூஜ்யம். முடியும் பூஜ்யம். இன்னும் குளிர்வித்தேன். பூஜ்யம்.

மார்ச் 19

மதியம் கோடு எழுந்தது. முன்பு வந்ததைவிட நன்றாகக் குளிர்ந்த பிறகு, யாரும் தள்ளாமல். அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டேன். மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

அம்மா எடுத்தாள். "என்னடி, அப்பா நம்பருக்குக் கூப்பிடற?"

"முளைச்சிடுச்சும்மா" என்றேன்.

அம்மா போனை வைக்கவில்லை. 'சந்தேகம்' எழுந்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே போனான்.

அச்செடுத்த தாள் முழுக்க நனைந்துவிட்டது. புரொஃபசருக்குக் காட்ட நாளை இன்னொன்று எடுக்க வேண்டும்.