றஞ்சிதம் ஏறுவதற்குப் பதித்த கார்

2025 மார்ச் 6, வியாழன்

விடிய எழும்பிப் பார்த்தால் என் மொறிஸ் காரோடு ஒட்டி இரண்டு கழுதைகள். வேலியை யார் திறந்துவிட்டது? கலைத்துவிட்டு வந்தேன்.

என் மனுசி றஞ்சிதம் இன்றைக்குக் கட்டிலிலிருந்து குசினி வாசல்வரை நடந்தாள். நாலுகால் தாங்கியைப் பிடித்துக்கொண்டுதான். ஜனவரியில் கிணற்றடியில் வழுக்கி இடுப்பு முறிந்து, உள்ளே புது மூட்டு வைத்து, இப்போதுதான் இவ்வளவு.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட அன்று நான் மொறிசைக் கொண்டுபோனேன். அவளால் காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியவில்லை. மருமகன் ஜெகதீபன் என்னை ஒரு சொல் கேட்காமல் ஓட்டோவை மறித்து, அரிசி மூட்டையைப்போல அவளைத் தூக்கி வைத்தான். நான் வெறும் காரோடு பின்னால் வந்தேன். இதை எழுதாமல் விடக்கூடாது.

காலை உயரத் தூக்க வைக்காதேங்கோ என்று அங்கே பயிற்சி கொடுக்கிற பிள்ளை சொன்னது. இன்னும் ஏதோ சொல்ல வந்தது. எனக்கு அதுவே போதும், வெளிக்கிட்டுவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மகள் அகஸ்ரினா முருங்கனிலிருந்து வந்தாள். பழங்கள், ஹோர்லிக்ஸ், பிறகு கதை.

“அப்பா, அம்மாவை என்னோடை விடுங்கோ. எங்கட வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒரு றோட்டுத்தான் இடையிலை. தாங்கியோடை தானே நடந்து போவா. இஞ்சை கோயில் ரெண்டு கட்டை தூரம்.”

“ரெண்டு கட்டைக்குத்தான் கார் இருக்கு.”

“அம்மா ஏறமாட்டாவே.”

“ஏத்திக் காட்டுறன்.”

றஞ்சிதம் கட்டிலில் கிடந்தபடி சொன்னாள்: “ரெண்டு பேரும் கத்தாதேங்கோ. பெரிய வெள்ளிக்கு நான் பசாம் படிக்கோணும். எந்தக் கோயிலெண்டாலும் சரி.”

குமர்ப்பிள்ளையாக இருந்தபோதே பெரிய வெள்ளியில் யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாட்டைப் படிக்கத் தொடங்கியவள். மண்டபம் அகதி முகாமில் கோயில் இல்லாமல் தகரக் கொட்டிலில் நின்றும் படித்தாள். அவள் தொடங்காமல் மற்றப் பெண்கள் தொடங்குவதில்லை.

கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது. பெரிய வெள்ளிக்கு அவளை நான் மொறிசில் கோயிலுக்குக் கொண்டுபோனால் அவள் இங்கேயே இருப்பாள். ஏலாவிட்டால் உயிர்த்த ஞாயிறு கழிய அகஸ்ரினாவோடு போவாள். றஞ்சிதமும் தலையாட்டினாள். அவள் தலையாட்டியதுதான் எனக்கு—

ஓட்டோவில் கோயிலுக்குப் போகட்டுமாம், மகள் சொல்கிறாள். இனி என் மனுசி ஓட்டோவில் ஏறுவது நான் செத்த பிறகு.

மார்ச் 11, செவ்வாய்

யோசித்து முடிவெடுத்துவிட்டேன். அவள் காலை உயர்த்தக்கூடாது. அப்படியென்றால் கார் பதிய வேண்டும், நிலத்துக்குக் கிட்ட இறங்க வேண்டும்.

இந்த மொறிஸ் மைனரை அகதியாய்ப் போய்த் திரும்பி வந்த பிறகு முருங்கன் அரிசி ஆலைக்குப் பின்னால் கோழி அடைகாத்த நிலையில் எடுத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்து இங்கிலீசுப் புத்தகத்தை எழுத்தெழுத்தாய்ப் படித்து ஓட வைத்தேன். ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இதையும் ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

முன்பக்கத்துக்குச் செலவே இல்லை. அங்கே சுருள் கிடையாது, நீட்டுக் கம்பி ஒன்று முறுகி நின்று பாரத்தைத் தாங்குகிறது. கம்பியின் நுனியில் பல்லுகள். ஒரு பல்லுத் தள்ளிப் பூட்டினால் முன்பக்கம் இறங்கும். பின்பக்கத்துக்கு அச்சுக்கும் வில்லுத் தகட்டுக்கும் நடுவில் கட்டை வைக்க வேண்டும். கொழும்பில் இதற்கென்றே இரும்புக் கட்டை விற்கிறார்களாம். விற்கட்டும். பழைய வீட்டுக் கூரை வளையில் மிஞ்சிய பாலைமரத் துண்டு ஒன்று கொட்டிலுக்குள் கிடக்கிறது. இரும்புக்கு இளைத்ததில்லை.

மார்ச் 14, வெள்ளி

பக்கத்து வீட்டுப் பிலிப்பு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டான்.

“எமிலி, மீன்பெட்டி ஒண்டைக் கவிட்டு வையன். மிரிச்சு ஏறுவாவே.”

“என்ர மனுசி மீன்பெட்டியிலை ஏறமாட்டா.”

“அவ என்ன சொன்னவ?”

அவளைக் கேட்க இதில் என்ன இருக்கிறது?

மார்ச் 20, வியாழன்

இடதுபக்கக் கம்பி கழன்றது. இருபது வருச உப்புக் காற்று. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, அடித்து, திரும்ப ஊறவிட்டு. கைமணிக்கட்டு வீங்கிப்போயிற்று. றஞ்சிதம் எண்ணெய் போட்டுவிட்டாள். “இந்தக் கையோடை என்னைத் தூக்கி எழுப்பப் போறியளோ?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

வலதுபக்கம் அசையவில்லை.

மார்ச் 29, சனி

அசைந்தது. ஆனால் அவசரத்தில் இரண்டு பல்லுத் தள்ளிப் பூட்டிவிட்டேன். தூக்கி நிறுத்தின ஜக்கை இறக்க, கார் ஒரு பக்கமாய்ச் சரிந்து நின்றது. பிலிப்பு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

“தபசு காலமெல்லே, முழந்தாளிலை நிக்குது. செபம் முடியட்டும், குழப்பாதை.”

உள்ளே கட்டிலில் அவளும் சிரித்தது கேட்டது. அவள் சிரித்து எவ்வளவு காலம். அதற்காகப் பிலிப்பை ஏசாமல் விட்டேன். திரும்பவும் கழற்றினேன்.

ஏப்ரல் 5, சனி

கட்டை வைத்தால் அச்சை இறுக்கிப் பிடிக்கிற பழைய யூ போல்ட் எட்டாது. நீளமாக அடிப்பிக்க மன்னாரில் பார்த்தீபனின் லேத்துக்குப் போனேன். நல்ல பொடியன், வாய்தான் அடங்காது.

“ஐயா, உங்கட வயசிலை காரைப் பதிச்ச ஒரு ஆளையும் நான் காணேல்லை. பாட்டும் பெரிசாப் போடுவியளோ?”

“போல்ட்டை அடி.”

“ஆருக்கு ஐயா?”

மனுசிக்கு என்றேன். பிறகு அவன் பகிடி விடவில்லை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பூசைக்கு நான் மட்டும். ஆட்கள் றஞ்சிதத்தைக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை பாருங்கோ என்றேன்.

அகஸ்ரினா போன் எடுத்து, அங்கே அம்மாவுக்கு அறை ஒழுங்குபண்ணியாயிற்று என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

முடிந்தது. நாலு பக்கமும் அளந்தேன், இரண்டரை அங்குலம் பதிந்து ஒரே மட்டமாய் நிற்கிறது. நானே ஏறி இறங்கிப் பார்த்தேன். ஒழுங்கையில் ஓட்டினேன், புல்லு அடியில் உரசுகிறது, வேறொன்றும் இல்லை. அவளை வாசலுக்குக் கூட்டி வந்து காட்டினேன்.

“வடிவாத்தான் இருக்கு,” என்றாள். “இருக்கைதான் நிலத்தோடை கிடக்கிற மாதிரி.”

கார் பதிந்தால் இருக்கையும் பதியும்தானே என்றேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

எழுதவேண்டும். எழுதாவிட்டால் நித்திரை வராது.

ஏறினாள். முதுகைக் காட்டி நின்று, மெல்ல இருந்து, ஒரு காலை வைத்து மற்றக் காலையும் வைத்தாள். ஒருவரும் பிடிக்கவில்லை. பிலிப்பு வேலியடியில் தொப்பியைக் கழற்றினான். வழிநெடுக அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றை வாங்கிக்கொண்டு வந்தாள். ஜனவரிக்குப் பிறகு வீட்டை விட்டு வெளிக்கிட்டது இன்றைக்குத்தான்.

கோயில் வாசலில் கதவைத் திறந்தேன். தாங்கியை முன்னால் வைத்தேன்.

எழும்ப முடியவில்லை.

முழங்கால் இடுப்புக்கு மேலே நிற்கிறது. கையை ஊன்றினாள், ஏலவில்லை. நான் பிடித்து இழுத்தேன், வீங்கின கை, பிடி வழுக்கிவிட்டது. சனம் கூடிவிட்டது. ஒருத்தி அந்தப் பக்கம் பிடி என்கிறாள், ஒருத்தி ஆம்பிளையளைக் கூப்பிடு என்கிறாள். றஞ்சிதம் எல்லாரையும் பார்த்து, “நீங்கள் போங்கோ. நான் இதிலை இருக்கிறன். தொடங்குங்கோ” என்றாள்.

தொடங்கினார்கள். அவள் இல்லாமல்.

கார்க் கதவு திறந்தபடி. உள்ளேயிருந்து சத்தம் வர, இவள் காருக்குள் இருந்து மெதுவாகக் கூடப் படித்தாள். எந்த அடியென்று இவளுக்குப் பிடிபட நேரம் எடுத்தது, அதனால் பாட்டில் இரண்டு அடி பிந்தியே படித்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். வேறு என்ன செய்ய? சொல்லுங்கோ, வேறு என்ன செய்ய?

முடிந்த பிறகு மூன்று பொடியள் வந்து தூக்கி வெளியே எடுத்தார்கள். அப்போது அவள் ஒரு சத்தம் போட்டாள். பிள்ளை பெறும்போதுகூட அவள் அப்படிச் சத்தம் போடவில்லை.

வீட்டுக்கு ஓட்டோவில்தான் வந்தாள்.

ஏப்ரல் 19, சனி

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே படம் எடுத்தோம். மூட்டு விலகவில்லை, ஆண்டவருக்குத் தோத்திரம். அதே பயிற்சிப் பிள்ளை வந்தது. “பதிவான இருக்கையிலை இருத்தவே கூடாதெண்டு அண்டைக்குச் சொல்ல வந்தனான் ஐயா. நீங்கள் நிக்கேல்லை.”

சத்தமாய்ச் சொல்லியிருக்கலாமே. கையைப் பிடித்து மறித்திருக்கலாமே.

பின்னேரம் றஞ்சிதம் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ. நான் பிள்ளையோடை போறன்.”

“ஒரு கிழமை தா. பூட்டின எனக்குக் கழட்டத் தெரியாதே? காரைத் திரும்ப உயர்த்திவிடுறன்.”

“நீங்கள் எனக்காகத்தான் செய்தனீங்கள், தெரியும். ஒருக்கா என்னைக் கேட்டிருக்கலாம்.”

கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். அதனால்தான் நான் ஒருநாளும் கேட்கிறதில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

ஜெகதீபன் வான் கொண்டுவந்தான். உயரமான இருக்கை, கீழே படிப்பலகை. நல்லாய் ஏறினாள். “நீங்களும் வாங்கோ மாமா, இடம் இருக்கு” என்றான். மகளின் வீட்டில் போய் இருக்க எனக்கென்ன இடுப்பா முறிந்தது?

வான் போகும்போது நான் உள்ளே நின்றேன். வாசலுக்கு வந்திருக்கலாம்.

ஏப்ரல் 30, புதன்

மொறிசைத் திரும்ப உயர்த்தச் சொல்கிறான் பிலிப்பு. ஆருக்கு?

மே 12, திங்கள்

காற்று.

மே 24, சனி

போன் எடுத்தாள். எப்ப வாறியள் என்று போன மாதம் ஒவ்வொரு முறையும் கேட்டாள். இன்றைக்குக் கேட்கவில்லை. அங்கே கோயிலில் மாதாவுக்குச் செபமாலை சொல்லத் தன்னை விட்டிருக்கிறார்களாம், குரல் நல்லாயிருக்காம். அந்தக் குரலைப் பற்றி எனக்கு ஏன் அவர்கள் சொல்ல வேண்டும்?

ஜூன் 8, ஞாயிறு

பஸ்ஸில் முருங்கனுக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன்.

றஞ்சிதம் விறாந்தையில் கதிரையில் இருந்தாள். கொஞ்சம் சதை வைத்திருக்கிறாள். கதிரையின் நாலு காலுக்கும் கீழே ஜெகதீபன் தேக்கங் கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறான். குனிந்து பார்த்தேன். கால் அசையாமல் இருக்கக் குழி வெட்டி இறக்கியிருக்கிறான். நாலும் ஒரே அளவு. பிழை சொல்ல ஒன்றும் இல்லை.

“தேத்தண்ணி போடட்டோ?” என்று கேட்டுக்கொண்டு எழும்பினாள். தானாக. நான் கையை நீட்டினேன், அவள் அதைக் காணவில்லை.

தேத்தண்ணி குடித்து முடிய முன்னால் எதிரே கோயில் மணி அடித்தது. பொல்லை எடுத்தாள். இப்போது தாங்கி இல்லை, பொல்லுத்தான். படியடியில் நின்று திரும்பிச் சொன்னாள்:

“ஞாயிறிலை வந்தா எனக்குக் கோயிலெல்லே, கதைக்க நேரமில்லை. நீங்கள் இனிச் சனியிலை வாங்கோ.”

ஓம் என்றேன்.